44 சென்டிமீட்டர் தவிசு

இருக்கைக்குத் தமிழில் சொற்பஞ்சம் இல்லை. தவிசு, அணை, ஆசனம், பீடம், மணை, பலகை, கட்டில் என்று அமர்பவரின் தகுதிக்கேற்பச் சொற்கள் வரிசைகட்டி நிற்கின்றன. அரசனுக்கு அரியணை, மணமக்களுக்கு மணை, முரசுக்குக்கூட ஒரு கட்டில். அந்த முரசுகட்டிலில் அறியாது படுத்து உறங்கிவிட்ட மோசிகீரனாரை வாளால் வெட்டாமல், பக்கத்தில் நின்று விசிறிய பெருஞ்சேரல் இரும்பொறையின் கதை புறநானூறு படித்தவர் அனைவரும் அறிந்ததே. ஆனால் தேர் ஓட்டியவனுக்கு? சங்கத் தலைவன் வலவனை விரைந்து செலுத்தச் சொல்லிக்கொண்டே இருக்கிறான். குதிரையின் பிடரி பாடப்படுகிறது, தேரின் மணி பாடப்படுகிறது, சக்கரம் கிழித்த ஈர நிலம் பாடப்படுகிறது. வலவன் எதன்மீது அமர்ந்தான், அது அவன் உடம்புக்குப் போதுமானதாக இருந்ததா என்று கேட்ட புலவர் எவரும் எங்கள் கண்ணில் படவில்லை.

‘எங்கள்’ என்பது பத்திராதிபர் தோரணையில் எழுதப்படுவதன்று. நாங்கள் உண்மையிலேயே இருவர். ஒருவர் கோவையில் ஒரு கல்லூரியில் தமிழ் கற்பிப்பவர். இதை எழுதுபவர் அவர்தான். மற்றவர் அவருடைய மனைவியின் தம்பி. கணபதியில் சிறிய லேத் பட்டறை வைத்து, பம்புசெட்டுகளுக்கு ஷாஃப்ட் கடைந்து கொடுப்பவர். முன்னவருக்குக் காரின் பானெட்டைத் திறக்கும் கம்பி எங்கே இருக்கிறது என்பதே சில ஆண்டுகளாகத்தான் தெரியும். பின்னவர் ஆறடி ஓரங்குல உயரம், 114 கிலோ எடை. ஓய்வுநாள்களில் பந்தய ஓட்டுநர். 2022ஆம் ஆண்டில் இந்த மைத்துனருக்கு ஏற்ற பந்தய இருக்கை ஒன்றை, எங்கள் கைக்கு எட்டும் விலையில் தேடி அலைந்த கதையே இது. இலக்கிய அன்பர்கள் கூடும் இடத்தில் இதற்கென்ன வேலை என்று கேட்பவர்கள் சற்றுப் பொறுக்க வேண்டும். உடம்பையும் அளவையும் சொல்லையும் பற்றிய விஷயம்தான் இதுவும்.

கோவைக்குத் தெற்கே செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே என்ற பந்தயச் சாலை இருக்கிறது. நீளம் 2.1 கிலோமீட்டர். ‘கரி’ என்றதும் வகுப்பில் யானை என்று பொருள் சொல்லிப் பழகியவருக்கு முதலில் குழப்பமாகத்தான் இருந்தது. அது 1995இல் விமான விபத்தில் மறைந்த கோவைப் பந்தய வீரர் கரிவரதனின் பெயர்ச்சுருக்கம். மாருதி எஞ்சினைக் கொண்டு ஃபார்முலா மாருதி என்னும் ஒற்றை இருக்கைப் பந்தயக் காரை உருவாக்கி, சாமானியர்களும் இந்த விளையாட்டுக்குள் நுழைய வழி செய்தவர்களுள் ஒருவர் அவர். கரிவரதன் என்றால் யானைக்கு வரம் தந்தவன். பந்தயச் சாலையின் நண்பர்கள் மைத்துனரை ‘யானை’ என்றுதான் அழைப்பார்கள் என்பதையும் சேர்த்துப் படித்துக்கொள்ளலாம். அவரும் சிரித்துக்கொள்வார். அந்தச் சிரிப்பின் அளவு என்ன என்பது எங்களுக்குப் பின்னால்தான் தெரிந்தது.

அவருடைய கார் பதினெட்டு வயதான ஒரு செடான். உள்ளே இரும்புக் குழாய்க் கூண்டு வைத்து, தேவையற்றதையெல்லாம் கழற்றியாயிற்று. இருக்கை மட்டும் பழைய இருக்கை. சாதாரணக் காரின் இருக்கை ஏறி இறங்க வசதியாகத் தட்டையாகச் செய்யப்படுவது. கடைத்தெருவுக்குப் போய் வர அது போதும். வேகமாக ஒரு வளைவில் திரும்பும்போது உடம்பு பக்கவாட்டில் தள்ளப்படுகிறது. புவியீர்ப்பில் முக்கால் பங்கு விசை என்று வைத்துக்கொண்டாலும், 114 கிலோ மனிதருக்கு அது 85 கிலோ மூட்டையைப் பக்கவாட்டில் தாங்குவதற்குச் சமம். ஒல்லியானவருக்கு இதில் பாதிதான். தட்டையான இருக்கை எதையும் தாங்குவதில்லை. ஆகவே அவர் ஸ்டியரிங்கைப் பற்றித் தொங்கினார். வலது முழங்காலைக் கதவில் முட்டுக்கொடுத்தார். ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பின்னும் அந்த முழங்காலில், கண்ணாடி ஏற்றும் கைப்பிடியின் அளவுக்கு ஒரு கன்றிய தடம் இருக்கும். திருப்புவதற்கென்று உள்ள சக்கரத்தைப் பிடிமானத்துக்குப் பயன்படுத்துபவர் எப்படித் துல்லியமாகத் திருப்ப முடியும்?

2022 மார்ச்சில் ஒரு பயிற்சி ஓட்டத்தில் கார் சுழன்று, பின்புறமாகப் போய் டயர்ச் சுவரில் மோதியது. பெரிய மோதல் அன்று. ஆனால் இருக்கையின் முதுகுச்சாய்வைப் பிடித்திருந்த பற்கள் வழுக்கி, சாய்வு பின்னால் மடிந்துவிட்டது. பெல்ட் தோளில் இல்லை, காற்றில் இருந்தது. அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. அன்று மாலை அவருடைய அக்கா சொன்னது சுருக்கமானது: “நல்ல சீட்டப் போட்டு ஓட்டு. இல்லீன்னா கார வித்துப்போடு. ரெண்டு பசங்க இருக்காங்க.” பட்டறைக்கு அது மந்தமான ஆண்டு. இருக்கைக்கு என்று 50,000 ரூபாய்க்கு மேல் ஒதுக்க வழியில்லை. நிலைமை இதுதான்.

பந்தய இருக்கை உட்காரும் பொருளன்று, உடுத்தும் பொருள் என்பதை முதலில் புரிந்துகொண்டோம். செருப்புக்கும் சட்டைக்கும் உள்ள இலக்கணமே அதற்கும். ஃபார்முலா ஒன் ஓட்டுநரைக் காருக்குள் அமர்த்தி, அவருக்கடியில் ஒரு பையை வைத்து, நுரைத்து இறுகும் ரசாயனக் கலவையை அதில் செலுத்துகிறார்கள். இறுகியதும் அவருடைய முதுகின் அச்சு கிடைத்துவிடுகிறது. அதைக் கொண்டு இருக்கை செய்கிறார்கள். வேறொருவர் அதில் உட்கார்ந்தால் குத்தும். மற்றவர்களெல்லாம் ஆயத்த ஆடை வாங்குபவர்கள். ஆயத்த ஆடைக்கடையில் பருமனானவர்களுக்கு என்ன நேரும் என்பது தெரிந்ததுதானே.

பருமனான உடம்புக்கும் பந்தயத்துக்கும் ஆகாது என்ற எண்ணம் பரவலாக உண்டு. வரலாறு அப்படிச் சொல்லவில்லை. உலக சாம்பியன் பட்டத்துக்கான பந்தயங்களில் ஃபெராரி நிறுவனத்துக்கு முதல் வெற்றியைத் தேடித் தந்தவர் அர்ஜென்டினாவின் ஹோசே ஃப்ராய்லான் கொன்சாலஸ். 1951 ஜூலை 14, சில்வர்ஸ்டோன். ‘பாம்பாஸ் காளை’ என்று பட்டப்பெயர் பெற்ற கனத்த உடம்புக்காரர். அந்தக் காலக் கார்களில் பெல்ட்டே கிடையாது. ஃபார்முலா ஒன்னில் அது கட்டாயமானது 1972இல்தான். கொன்சாலஸின் புகைப்படங்களைப் பார்த்தால் அவர் காருக்குள் இருப்பதாகவே தோன்றாது. காரை இடுப்பில் கட்டிக்கொண்டு போகிறவர்போல் இருப்பார்.

இன்னொரு கதை எங்களுக்கு மிகவும் பிடித்தது. ஃபோர்டு ஜிடி40 என்ற காரின் பெயரில் உள்ள 40 அதன் உயரம், அங்குலக் கணக்கு. இடுப்பளவுக்கு மேல் எழாத கார். 1967இல் பிரான்சின் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்துக்கு அதன் நான்காம் வடிவத்தை ஓட்ட வந்த அமெரிக்கர் டான் கர்னி ஆறடியைத் தாண்டிய நெடியவர். தலைக்கவசத்தோடு அமர்ந்தால் கூரை இடித்தது. குனிந்து ஓட்டுங்கள் என்று எவரும் அவரிடம் சொல்லவில்லை. கதவின் மேற்பகுதியில், அவருடைய தலைக்கு நேராக, ஒரு குமிழை எழுப்பினார்கள். அந்தக் குமிழோடு போய் அவரும் ஏ. ஜே. ஃபாய்ட்டும் பந்தயத்தை வென்றார்கள். (வெற்றி மேடையில் ஷாம்பெய்னைப் பீய்ச்சியடிக்கும் வழக்கம் கர்னி அன்று செய்த குறும்பிலிருந்து பரவியது என்பது கொசுறு.) அந்தச் சிவப்புக் காரை மிச்சிகனில் ஹென்றி ஃபோர்டு அருங்காட்சியகத்தில் குமிழோடு வைத்திருக்கிறார்கள். முரசுகட்டில் கதையின் பக்கத்தில் வைக்கத் தக்க கதை இது. வந்தவருக்காக இருக்கை தன் இலக்கணத்தை மாற்றிக்கொண்டது.

எல்லோருக்கும் அப்படிக் கிடைப்பதில்லை. ஃபார்முலா ஒன்னில் 2019 வரை ஓட்டுநரின் எடை காரின் எடையோடு சேர்த்தே கணக்கிடப்பட்டதால், உயரமானவர்கள் பட்டினி கிடந்தார்கள். 2019இல் ஓட்டுநருக்கும் இருக்கைக்கும் சேர்த்துக் குறைந்தபட்சம் 80 கிலோ என்று தனிக்கணக்கு வந்தது. மெலிந்தவரின் காரில் குறைந்த எடைக்கு ஈடாகப் பாரம் வைக்க வேண்டும். 2025இல் அது 82 கிலோ ஆயிற்று.

நிற்க. மே மாதத்தில் சென்னைக்குப் போனோம். பந்தயச் சாமான்கள் விற்கும் ஒரு கடை, பெயர் வேண்டாம். வாசலிலேயே வழவழப்பான ஃபைபர்கிளாஸ் இருக்கைகள் வரிசையாக நின்றன. பெரிய அளவு என்று சொல்லப்பட்ட ஒன்றில் மைத்துனர் உட்கார்ந்தார். உட்கார்ந்தார் என்பதைவிட இறங்கினார் என்பது பொருந்தும். இருபுறமும் எழும்பிய சுவர்கள் தொடைகளைக் கவ்வின. அடிப்பலகைக்கும் அவருக்கும் இடையே நான்கு விரல் இடைவெளி இருந்தது. அவர் சுவர்களின்மேல்தான் நின்றார். எழ முயன்றபோது இருக்கையும் உடன் எழுந்தது. கடைப்பையன் ஒருபுறமும் தமிழாசிரியர் மறுபுறமும் பிடித்துக் கழற்றினோம். பையன் கெட்டவன் அல்லன். “சார், ஒரு பத்து கிலோ குறைச்சீங்கன்னா கரெக்டா இருக்கும்” என்றான். கடையில் இருந்த மற்ற இருவர் சிரித்தார்கள். மைத்துனரும் சிரித்தார்.

திரும்பும் ரயிலில் காட்பாடி போயிற்று, ஜோலார்பேட்டை போயிற்று. அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. சேலத்தில் வண்டி நின்றபோதுதான், “மாமா, வெட்டியாப் போயி உக்காந்து பாக்கறதுக்கு முன்னால அளந்துரலாங்க” என்றார்.

சட்டைக்கு அளவு கொடுப்பதைப்போல அது இல்லை. மறுநாள் இரவு பட்டறை ஆள்கள் போனபின் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு அளந்தோம். மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குக்கு ஷாஃப்ட் கடைகிற கை அவருடையது. அளவில் ஏமாற்றினால் பொருள் திரும்பிவந்துவிடும் என்பது அவருக்குத் தெரியாததன்று. ஆனால் சொந்த உடம்பின் அளவை இன்னொருவர் வாயால் கேட்பது வேறு காரியம். பலகையில் நிமிர்ந்து உட்கார்ந்தார். இடுப்பின் இருபுறமும் செங்குத்தாக இரண்டு இரும்புத் தகடுகளை நிறுத்தி, சதை சற்றே அமுங்கும் வரை நெருக்கி, தகடுகளுக்கிடையே டேப்பைப் பிடித்தோம். 44 சென்டிமீட்டர். அதேபோல் தோளுக்கு 56. பலகையிலிருந்து தோள்மட்டம் வரை 63.

“44ங்களா?” என்று கேட்டார். அவருடைய பேன்ட் அளவும் 44தான், அது அங்குலம். இருபது ஆண்டுகளாக அவர் எந்தக் கடையிலும் சத்தமாகச் சொல்லாத எண் அது. இரண்டுக்கும் தொடர்பில்லை என்பதைப் பேசிப் பேசித்தான் தெளிந்தோம். பேன்ட் அளப்பது வயிற்றின் சுற்றளவை. இருக்கைக்கு வயிறு ஒரு பொருட்டே அன்று. வயிறு முன்னால் இருக்கிறது, இருக்கைக்கு முன்சுவர் கிடையாது. இருக்கை பிடிப்பது இடுப்பெலும்பின் பக்கங்களையும் தொடையையும் விலாவையும் தோளையும். பத்து கிலோ குறைந்தால் அவருடைய வயிறு உள்ளே போகும். இடுப்பெலும்பு எங்கே போகும்? கடைப்பையனுக்குச் சொல்ல வேண்டியிருந்த மறுமொழி அன்றிரவு ஒன்பதரை மணிக்குக் கிடைத்தது. 44, 56, 63 என்று ஷட்டரின் உட்புறத்தில் சாக்கட்டியால் எழுதினார். ஆள்கள் காலையில் வந்து பார்ப்பார்களே என்றதற்கு, “பாத்தாப் பாக்கட்டுங்க, ஜாப் சைஸ்னு நெனச்சுக்குவாங்க” என்றார்.

எண் கைக்கு வந்தபிறகு தேடல் எளிதாயிற்று. ஆசைகள் பல தாமாகவே உதிர்ந்தன. கார்பன் இழை இருக்கைகள் விலையைக் கேட்ட மாத்திரத்தில் போய்விட்டன. ஃபைபர்கிளாஸ் இருக்கை வார்ப்பு. அச்சில் இருந்த அகலம்தான் அதன் அகலம், இழுத்தாலும் தட்டினாலும் அரை சென்டிமீட்டர் கூடக் கொடுக்காது. பருமனானவர்களுக்கென்று அதிலும் பெரிய வடிவங்கள் உண்டு. இத்தாலியின் ஸ்பார்கோ தன் இருக்கை ஒன்றையே மூன்று நான்கு அளவுகளில் செய்கிறது. எங்கள் எண்ணுக்கு ஒத்துவந்தது எங்கள் பணத்துக்கு ஒத்துவரவில்லை.

கனடாவின் கிர்க்கி நிறுவனம் அலுமினியத் தகட்டில் செய்யும் இருக்கைகளைப் பற்றிப் படித்தபோது மைத்துனர் நெடுநேரம் அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே இருக்கைகள் இடுப்பகலத்தின்படி, அங்குலம் அங்குலமாக விற்கப்படுகின்றன. 15, 16, 17, 18, அதற்கு மேலும். சிறியது, பெரியது, மிகப் பெரியது என்ற சொற்களே இல்லை, எண் மட்டும். பனியன் வாங்குவதுபோல் வாங்கலாம். ஓர் அங்குலம் கூடுதலாக வாங்கி, பக்கங்களில் கெட்டி நுரை வைத்து இறுக்கிக்கொள்ளலாம். ஆனால் அலுமினியம் பின்னால் வளையும் என்பதால் முதுகுக்குப் பின்னே கூண்டோடு சேர்த்து ஒரு தாங்கி பொருத்த வேண்டும். தவிரவும், அவர் கலந்துகொள்ள விரும்பிய போட்டிகளில் இருக்கைக்கு எஃப்.ஐ.ஏ. தரச் சீட்டு கேட்டார்கள். மனமில்லாமல் அந்தப் பக்கத்தை மூடினோம்.

பழைய இருக்கை ஒன்று பெங்களூரில் 20,000 ரூபாய்க்கு வந்தது. நல்ல நிறுவனம், நல்ல அகலம். தரச் சீட்டைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னோம். 2014இல் செய்யப்பட்டது. எஃப்.ஐ.ஏ. 8855-1999 என்ற தரத்தின்படி செய்த இருக்கைக்கு ஆயுள் 5 ஆண்டு. செய்தவரிடமே திருப்பி அனுப்பிச் சோதித்தால் மேலும் 2 ஆண்டு நீட்டிப்பார்கள். 2019லேயே முடிந்துவிட்ட பொருள். அது எத்தனை மோதல்களைக் கண்டது என்பதையும் துணியுறை மறைத்துவிடும்.

பிறகு அந்த 14,000 ரூபாய் இருக்கை. இதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. எங்கள் ஊரிலேயே ஒரு விற்பனையாளரிடம் இருந்தது. சிவப்புத் துணி, தங்க நிற நூல் தையல், புகழ்பெற்ற பெயர் மார்பில். மைத்துனர் உட்கார்ந்தார், சோபாவைப் போல் வாங்கிக்கொண்டது. அகலம் 46. அவர் முகத்தில் தெரிந்த நிம்மதியை எப்படிச் சொல்வது! உடம்பைக் குறை சொல்லாத முதல் இருக்கை. வாங்கிவிடலாம் என்று தமிழாசிரியர் சொல்லவே வாயெடுத்தார். பட்டறைக்காரர் அதற்குள் எழுந்து, இருக்கையைக் குப்புறக் கவிழ்த்தார். முதுகுப்புறத்தில் கட்டைவிரலை வைத்து அழுத்தினார். தகரடப்பா மூடியைப் போல் உள்ளே போய் வெளியே வந்தது. போல்ட் பிடிக்கும் இடங்களில் உலோகமே இல்லை. இழையில் பசைவைத்துப் புதைத்த நட்டுகள். தரச் சீட்டில் நிறுவனத்தின் பெயர் இருந்தது. அங்கீகார எண் இல்லை, செய்த மாதமும் ஆண்டும் இல்லை. “நல்லாத்தான் இருக்குதுங்க, ஊட்டுல போட்டு டிவி பாக்கலாம்” என்று சொல்லிவிட்டு இறங்கினார். தெருவில் நடக்கும்போது, “மாமா, எடங்குடுக்கறதும் தாங்கறதும் வேற வேறங்க” என்றார். தமிழாசிரியர் அப்படி ஒரு வாக்கியத்தை எழுதிவிட முடியாமல் பல ஆண்டுகளாகக் கவிதை முயன்றுகொண்டிருப்பவர்.

இறுதியில் எங்களுக்கு அமைந்தது இரும்புக் குழாயை வளைத்துப் பற்றவைத்த சட்டத்தின்மீது நுரையும் துணியும் போர்த்திய பழைய பாணி இருக்கை. இத்தாலியத் தயாரிப்பு, பெரிய அளவு, முறையான தரச் சீட்டு. ஃபைபர்கிளாஸைவிடச் சில கிலோ கூடுதல் எடை என்பதால் வேகப்பித்தர்கள் இதை ஏளனமாகப் பார்ப்பார்கள். 114 கிலோ ஓட்டுநர் மூன்று கிலோவுக்கு அழுவது நகைப்புக்குரியது என்று மைத்துனரே சொன்னார். குழாய்ச் சட்டம் மலிவு, அச்சு வேண்டாமே. பந்தய இருக்கை வாங்க நினைக்கும் பருமனான அன்பர்களுக்கு எங்கள் பரிந்துரை இதுதான்: கண்ணைக் கவரும் ஓடுகளைத் தாண்டிப் போய், கடையின் மூலையில் இருக்கும் இந்த அசட்டுத்தனமான குழாய் இருக்கையில் உட்கார்ந்து பாருங்கள். உட்கார்ந்தபின் தொடைக்கும் சுவருக்கும் இடையே விரல்கள் தட்டையாக நுழைய வேண்டும். உள்ளங்கை முழுதும் புகுந்தால் அது பெரிது.

பணம் கட்டுமுன் இன்னொரு சோதனை. அகலமான இருக்கை அகலமான காரைக் கேட்கிறது. நிறுவனம் கொடுத்த வெளியளவுப் படத்தைப் பார்த்து, ஃபிரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டியை வெட்டி ஒட்டி, அதே வடிவத்தில் ஓர் அட்டை இருக்கை செய்து காருக்குள் நிறுத்தினோம். கூண்டின் பக்கக் கம்பிக்கும் இருக்கைக்கும் இடையே ஒன்றரை சென்டிமீட்டர் மிஞ்சியது. இன்னும் சற்று நடுவே தள்ளியிருந்தால் ஸ்டியரிங்குக்கு நேராக உட்கார முடியாது, முதுகெலும்பு முறுக்கிக்கொள்ளும். அட்டை இருக்கை இரண்டு நாள் காரில் இருந்தது. மைத்துனரின் சின்ன மகன் அதில் உட்கார்ந்து பல பந்தயங்களை வென்றான்.

ஜூலையில் இருக்கை வந்து சேர்ந்தபோது, கூரியரும் வரியுமாக 56,000 ஆகியிருந்தது. கூடிப்போன 6,000த்தை யார் கொடுத்தது என்பது குடும்ப ரகசியம்.

பொருத்துவதில் அவருக்கு ஆசிரியர் தேவைப்படவில்லை. முன்னும் பின்னும் நகரும் தண்டவாளத்தைக் கழற்றி எறிந்தார். தலைக்கவசத்தோடு உட்கார்ந்தால் கூண்டு இடித்தது, அந்த உயரம் தேவைப்பட்டது. பக்கத் தாங்கிகளுக்கு விதி கேட்பது 3 மில்லிமீட்டர் இரும்பு. இவர் 4 மில்லிமீட்டரில் வெட்டினார். நான்கு இடங்களில் 8 மில்லிமீட்டருக்குக் குறையாத போல்ட்டுகள். தரையின் தகரம் கிழியாமலிருக்க அடியில் எதிர்த்தகடுகள், ஒவ்வொன்றும் 40 சதுர சென்டிமீட்டருக்குக் குறையாமல். தரமான இருக்கையை வாங்கித் தகரத்தில் வெறும் வாஷர் போட்டு முடுக்குபவர்கள் இருக்கிறார்கள். மோதலில் இருக்கை உடையாது. தரையோடு பெயர்ந்து வரும்.

பருமனானவர்களுக்கு உண்மையான ஆபத்து பெல்ட்டில்தான் இருக்கிறது. வயிறு இருப்பவர் பெல்ட் போட்டால் அது இயல்பாகவே வயிற்றின்மேல் ஏறி உட்காரும். மோதலின்போது அது குடலை அழுத்தும். அல்லது ஆள் அடியில் வழுக்கிக் கீழே போவார். இடுப்புப் பட்டை வயிற்றுக்குக் கீழே, இடுப்பெலும்பும் தொடையும் மடியும் அந்த மடிப்பில் இறுக்கமாகக் கிடக்க வேண்டும். அதை அங்கேயே இழுத்துப் பிடிக்கத்தான் கால்களுக்கிடையே இரு பட்டைகள். ஆகவே ஆறு முனைப் பெல்ட். தோள்பட்டைகள் பின்னால் போகும்போது ஏறக்குறையக் கிடைமட்டமாகப் போக வேண்டும். 10 டிகிரி வரை சரிவு நல்லது. 45க்கு மேல் கூடவே கூடாது. இருக்கையின் துளைகள் தோளுக்குக் கீழே இருந்தால் பெல்ட் முதுகெலும்பைக் கீழ்நோக்கி அழுத்தும். 63 என்ற எண்ணின் பயன் அப்போதுதான் விளங்கிற்று.

தோள்பட்டைகளின்கீழ் அணியும் ஹான்ஸ் என்னும் கழுத்துக் காப்பு 2003 முதல் ஃபார்முலா ஒன்னில் கட்டாயம். அதை 1980களில் உருவாக்கியவர்கள் இருவர்: ராபர்ட் ஹப்பர்ட் என்ற மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகப் பேராசிரியர், ஜிம் டௌனிங் என்ற பந்தய ஓட்டுநர். இருவரும் மைத்துனர்கள். இந்தச் செய்தியைப் படித்த அன்று நாங்கள் அடைந்த மகிழ்ச்சிக்கு அளவில்லை. அந்தப் பேராசிரியர் உடலியக்க அறிவியல் கற்பித்தவர், இங்குள்ளவர் யாப்பருங்கலக்காரிகை நடத்துபவர் என்ற வேறுபாட்டை அவருடைய அக்கா உடனே சுட்டிக்காட்டினாள்.

ஆகஸ்டில் முதல் ஓட்டம். சாலையோரத்தில் நின்று பார்த்தவருக்குப் பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. ஓட்டியவருக்குத் தெரிந்தது. முன்பு வளைவில் உடம்பைத் தாங்குவதிலேயே பாதிக் கவனம் போயிற்று. இப்போது கைகள் சும்மா இருந்தன, பின்சக்கரங்கள் நழுவத் தொடங்குவது இடுப்பில் தெரிந்தது என்றார். சுற்றுக்கு இரண்டு வினாடி குறைந்தது. யாரையும் அவர் தோற்கடித்துவிடவில்லை. வலது முழங்கால் மட்டும் சுத்தமாக இருந்தது.

மாலையில் அக்கா வந்தாள். பெல்ட்டை இழுத்துப் பார்த்தாள். தம்பியை உட்காரச் சொல்லி, தொடைக்கும் சுவருக்கும் இடையே விரல்களை நுழைத்துப் பார்த்தாள். யார் சொல்லிக் கொடுத்தார்கள் என்று தெரியவில்லை. ஒல்லிப்பையன் ஒருவன், காலேஜ் மாணவன், தானும் உட்கார்ந்து பார்க்கலாமா என்று கேட்டான். உட்கார்ந்தவன் உள்ளே இப்படியும் அப்படியும் ஆடினான், கிண்ணத்தில் போட்ட புளியங்கொட்டையாக. “அண்ணா, இது எனக்கு லூசா இருக்குதுங்களே” என்றான்.

“ஒரு பத்து கிலோ ஏத்துனீன்னா கரெக்டா இருக்கும் தம்பி” என்றார் மைத்துனர்.

சீட்டில் உள்ளபடி அந்த இருக்கை 2027 வரை செல்லும். ஷட்டரின் உட்புறத்தில் சாக்கட்டி எண்கள் அழிந்துவிட்டன. அவற்றை இப்போது பெயின்டால் எழுதிவைத்திருக்கிறார்.